கடைசி வயல்வரை

1

இந்த வீட்டில் நாங்கள் இருந்தது ஏழு மாதம். இன்று காலையிலிருந்து என் மனைவி பகவதி அடுப்படிச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் எனக்குக் கேட்கும்படி வைக்கிறாள். பேசுவதற்கு அவளிடம் இப்போது பாத்திரங்கள்தான் இருக்கின்றன.

நேற்று ஊரிலிருந்து தம்பி மாதேவனின் கடிதம் வந்தது. நம்முடைய தாலுகாக்கள் மெட்ராஸ் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டன, நாகர்கோவிலில் வெடி போட்டார்கள் என்று எழுதியிருக்கிறான். அடியில், "அண்ணனுக்க விலாசம் இதுதானா, இதுவும் மாறுமா? ஒரேயடியா ஒண்ணு சொல்லுங்க" என்று ஒரு வரி. அவனுக்குத் தெரிந்த பத்திரிகைக்காரர் ஒருவர் மலாயாவைப் பற்றி யாராவது எழுதித் தந்தால் போடுவதாகச் சொன்னாராம். "புலி, பாம்பு, ரப்பர்க் காடு எல்லாம் அங்க உண்டும்லா, அதை எழுதுங்க" என்கிறான்.

ஐந்து வருஷத்தில் நான் புலியைப் பார்த்ததில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியதும் இல்லை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எனக்குத் தெரிந்தது தண்ணீர் ஒன்றுதான். அங்கேயும் தண்ணீர், இங்கேயும் தண்ணீர். ஆகவே இந்த வீடு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதைத்தான் எழுத முடியும்.

2

பினாங்கில் கப்பல் இறங்கி, எதிர்க்கரையில் வடக்கே போனால் கண்ணுக்கெட்டிய மட்டும் நெல் வயல். வயலெல்லாம் மலாய்க்காரர்களுடையது. அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால்வாய் சர்க்காருடையது. அந்தக் கால்வாயில் புல் வெட்டவும் சேறு வாரவும் வைத்திருந்த கூலியாட்களில் நான் ஒருவன். என்னோடு வேலை செய்த தஞ்சாவூர்க்காரர்கள் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மலையாளத்தானே, ஒரு பாட்டுப் பாடு" என்பார்கள். நான் பாட்டுப் பாடவில்லை, வெறுமனே பேசத்தான் செய்தேன் என்று சொல்ல வாய் வராது. பிறகு பேச்சையே குறைத்துக்கொண்டேன். ஏற்கெனவே குறைவுதான்.

ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் டவுனிலிருந்து பதினோரு மைல். என் மகள் வடிவுக்குப் பதினாலு வயது. டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். இங்கே அவசரகாலச் சட்டம் இருப்பதால் ஊரடங்கு நேரம் உண்டு. பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. போன வருஷம் பாதி நாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. இனி இப்படி என்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மதகைக் காவல் பார்த்த கிழவர் ஓய்வு பெற்றார். மதகுக்காரனுக்கு மதகை ஒட்டியே பலகை வீடு. அங்கிருந்து டவுன் ஒன்றரை மைல். வடிவு சைக்கிளில் போகலாம். ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக் கிராணியார் என் பெயரை எழுதினார்.

"நீர் வாய் திறவாத மனிசன். மதகுக்கு அப்பிடிப்பட்ட ஆள்தான் வேணும்" என்றார். பிறகு படிவத்தை எடுத்தார். "பிறந்த இடம்?"

"திருவிதாங்கூர்."

"அது இப்ப இல்லையே ஐசே. கப்பல் ஏறேக்கை என்ன பேர்?"

"திரு-கொச்சி."

"அப்ப வீடு மாறினனீரோ?"

"இல்லீங்க. வீடு அங்கயேதான் இருக்கு."

அவர் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார். இப்போது மாதேவனின் கடிதப்படி அதுவும் தப்பாகிவிட்டது.

வீட்டோடு, மதகை ஒட்டி ஒரு துண்டு வயலும் உண்டு, மதகுக்காரன் நட்டுக்கொள்ளலாம் என்றார். அந்த வயல் எனக்கு வேண்டாம் என்றேன். கிராணியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சும்மா தாற காணியை வேண்டாமெண்டு சொல்லுறீர். உமக்கென்ன விசரே?"

பகவதியும் அன்றைக்கு ஏறத்தாழ இதைத்தான் கேட்டாள். வயலில் புல் முளைத்தது. ஏன் வேண்டாம் என்றேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

3

எங்கள் குளத்திலிருந்து இறங்கும் வாய்க்கால் நாற்பத்திரண்டு வயல்களுக்குப் பாயும். மடைப்பலகையைத் தூக்குவதும் இறக்குவதும் ஒரே ஆளின் பொறுப்பு. அந்த ஆள் யார் என்பதற்கு எங்கள் ஏலாவில், அந்த வயல்பரப்பு முழுக்க, ஒரு முறை இருந்தது. கடைசி வயல் யாருக்கோ, அவன் கையில்தான் பலகை. பணக்காரன், ஏழை, மூத்தவன், இளையவன் என்ற பேச்சே இல்லை. கடைசி வயல்காரன் தன் பயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் தண்ணீர் மற்ற நாற்பத்தொரு வயலையும் தாண்டி வர வேண்டும். எங்கே கரை உடைந்தாலும், யார் தன் வயலுக்கு வெட்டிய வாயை அடைக்காமல் விட்டாலும் முதலில் காய்வது அவன் வயல். அதனால் அவன் தினமும் மண்வெட்டியோடு கடைசி வரை நடப்பான். அவனைக் கண்காணிக்க வேறு ஆள் தேவையில்லை.

கடைசி வயல் எங்களுடையது. அப்பா காலத்துக்குப் பிறகு பலகை என் கைக்கு வந்தது. கூட்டத்தில் நாலு வார்த்தை பேசத் தெரியாத என்னிடம், வயல் இருந்த இடத்தை வைத்து, ஊர் ஒரு பொறுப்பைக் கொடுத்திருந்தது. அதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

பிறகு பகவதியின் சித்தப்பா பிள்ளையில்லாமல் இறந்தார். மடையை ஒட்டிய தன் வயலை அவளுக்கு எழுதி வைத்திருந்தார். முதல் வயலும் எங்களுக்கு, கடைசி வயலும் எங்களுக்கு. கடைசி வயல் இன்னும் என்னுடையதுதானே, பலகை என்னிடமே இருக்கலாம் என்று நான் நினைத்தேன். மற்றவர்களும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏய்த்துவிட்டது. குளம் பாதிதான். மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல் கதிர் வாங்கும் பருவத்தில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்து விட வேண்டியிருந்தது. நான் யாருக்கும் கூட்டியோ குறைத்தோ விடவில்லை, அது சத்தியம். ஆனால் மடையை ஒட்டிய வயலுக்கு மடை மூடியிருந்தாலும் கசிவு உண்டு. அது பச்சைப் பசேலென்று நின்றது. காலையில் பலகையைத் தூக்கிவிட்டு அந்த வரப்பில் உட்காருவேன். பயிரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வெயில் ஏறிவிடும். அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நாலு நாள் நான் கடைசி வரை போகவில்லை.

அந்த நாலு நாளில் வாய்க்காலின் கீழ்ப்பக்கம் ஒரு தாழம்புதர் கரையோடு சரிந்து விழுந்து, தண்ணீர் ஓடைக்குத் திரும்பிவிட்டது. கடைசி நாலு வயலும் கதிர் வாங்கும் நேரத்தில் காய்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. அதற்கு மேல்வயல் குமரேசண்ணாச்சியுடையது. அவருக்கு வேறு வயல் கிடையாது.

குளத்தங்கரையில் எல்லாரும் கூடினோம்.

"ஏலே தாணு, கடைசி வரைக்கும் போனியா?" என்று குமரேசண்ணாச்சிதான் கேட்டார்.

"போனேன் அண்ணாச்சி. தெனமும் போனேன். முந்தாநாள் பாக்கும்போ கரை நல்லாத்தான் இருந்துச்சு."

"அவனுக்க வயலுமில்லா போச்சு, பெறவு என்ன விசாரணை?" என்றார் ஒருவர். "தனக்க பயிரைத் தானே கருக விடுகதுக்கு அவனுக்கென்ன கிறுக்கா வே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

குமரேசண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தார். "நீ கள்ளன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான் மக்கா. ஆனா ஒனக்கு இப்ப மேலயும் வயலு இருக்கு. பழைய தாகம் இருக்காது. பலகையை எங்கிட்ட தா" என்றார்.

கொடுத்தேன். அவர் கேட்டது நியாயம். அவர் என்னை ஏசியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் ஏசவில்லை. அடுத்த அறுப்பில், எனக்கும் கீழ்வயல் போயிற்றே என்று, தன் வயலில் அறுத்த கதிரில் ஒரு கட்டை எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார். அந்தக் கதிரை அடித்துக் குத்தி நாங்கள் சோறாக்கிச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு வந்த வருஷம் வயல்களைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினேன். வயல் இருக்கிறவன் எதற்கு அக்கரைச் சீமைக்குப் போகிறான் என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். பிள்ளையைப் படிக்க வைக்க என்று சொன்னேன். அதுவும் உண்மைதான், ஆனால் பிறகு சேர்ந்த உண்மை.

4

இங்கே மதகு இரும்பு. சக்கரத்தில் கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் கதவு ஏறும். எந்தத் தேதியில் எத்தனை பல் ஏற்ற வேண்டும் என்று ஆபீஸிலிருந்து அச்சடித்த காகிதம் வரும். மதகுக்காரனைத் தவிர யாரும் கைப்பிடியைத் தொடக்கூடாது. கடைசி வயல்வரை போக வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை.

நான் போனேன். தினமும் காலையில் சைக்கிளில் ஐந்து மைல். வழியில் மீன் பிடிக்க வைத்த மூங்கில் படல்களில் புல் வந்து அடைத்திருக்கும். எடுத்துவிட்டுப் போவேன். கால்வாய் முடிகிற கம்போங்கில், அந்த மலாய்க் கிராமத்தில், கடைசி வயல் பாக் மாட் என்பவருடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வெள்ளைத் தாடி. முதல் இரண்டு மாதம் தூரத்திலிருந்தே பார்த்தார். ஒருநாள் பக்கத்தில் வந்து, துரையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்.

"துவான், உங்கள் வயல் இங்கேயா இருக்கிறது?"

"இல்லை."

"பிறகு ஏன் தினமும் வருகிறீர்கள்?"

அதைச் சொல்ல என்னிடம் மலாய் போதாது. தமிழிலும் போதாது. "சைக்கிள் ஓட்டப் பிடிக்கும்" என்றேன்.

"இந்த வயதிலா!" என்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து எங்களுக்குப் பழக்கம். ஒருநாள் அவரிடம், "நான் வராமல் போனால், தண்ணீர் குறைந்தால், மதகுக்கு வந்து என்னை ஏசுங்கள்" என்றேன். அதற்கும் சிரித்தார். "அரசாங்கத்தை யார் ஏசுவது துவான்?"

நான் அரசாங்கமாகிவிட்டேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. பாயை விட்டு எழும்ப முடியவில்லை. காகிதத்தில் போட்ட பல் எண்ணிக்கைக்கு மதகு திறந்தே இருந்தது. ஆகவே தவறு ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் காலையில் பகவதி உள்ளே வந்தாள்.

"ஒரு தாடிக்காரரு படிக்குக் கீழ நிக்காரு. வந்து ஒரு மணிக்கூறு இருக்கும். கூப்பிடவும் இல்ல, போகவும் இல்ல."

பாக் மாட். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்திருந்தார். துவானுக்கு உடம்பு எப்படி, துவான் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானே கேட்ட பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் குறைவு" என்றார்.

அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியில் மூன்று படல்களில் புல் பந்து பந்தாக அடைத்துக் கிடந்தது. அவர் வயலிலும் பக்கத்து வயல்களிலும் மண் வெடித்திருந்தது. வெடிப்பில் என் விரல் மூன்று கணு இறங்கியது. குனிந்தவனால் சிறிது நேரம் நிமிர முடியவில்லை. காய்ச்சல் என்று அவர் நினைத்துக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

படல்களை எடுத்துவிட்டோம். திரும்பி வந்து கைப்பிடியை அவர் கையில் வைத்தேன். அவர் சுட்டதுபோல் பின்வாங்கினார். இது சர்க்காருடையது என்றார். "கடைசி வயல்காரர் நீங்கள். தண்ணீர் வரும் வரைக்கும் திறங்கள். இனி நான் வரவில்லை என்றால், கேட்கவே வேண்டாம். அந்த ஆணியில் தொங்கும், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். வெகுநேரம் கழித்து வாங்கினார். அவர் ஒரு பல் கூடுதலாக ஏற்றினார். தண்ணீர் போய்ச் சேர்ந்ததும் மறுநாள் வந்து அவரே இறக்கினார். நடுவில் இருந்த எந்த வயலையும் மூழ்கடிக்கவில்லை. வயல்கள் பிழைத்துக்கொண்டன.

அதன் பிறகும் வந்தார். நான் கீழே படல் எடுக்கும்போது அவர் மேலே சக்கரம் சுற்றுவார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஒருநாள் பெரிய துரையின் ஜீப் சொல்லாமல் வந்து நின்றது. சக்கரத்தில் பாக் மாட் இருந்தார். நான் ஐந்து மைலுக்கு அப்பால் இருந்தேன்.

5

விளக்கம் கேட்டு ஆபீஸிலிருந்து இங்கிலீஷில் காகிதம் வந்தது. வடிவுதான் வாசித்துச் சொன்னாள். கைப்பிடி வெளியாளிடம் எப்படிப் போனது, ஏழு நாளில் எழுதித் தர வேண்டும்.

கிராணியார் வழி சொல்லி அனுப்பியிருந்தார். "அந்தாள் தானாக எடுத்தவர், எனக்குத் தெரியாது எண்டு ஒரு வரி. உமக்கு ஒண்டும் வராது." பாக் மாட்டுக்கு என்ன வரும் என்று கேட்டனுப்பினேன். வழக்கு வரலாம் என்று பதில் வந்தது.

"ஆணியில தொங்கினதை அவருதானே கையை நீட்டி எடுத்தாரு?" என்றாள் பகவதி. "அது பொய்யா? அவரு ஊர்க்காரரு, அவருக்கு நாலு பேரு வருவாங்க. நமக்கு ஆரு இருக்கா? இந்த வீடு போனா பிள்ளைக்க படிப்பு போச்சு, பாத்துக்கிடுங்க."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவர் எடுத்தார் என்பது உண்மைதான். குளத்தங்கரையில் நான் பொய் சொன்னேன். இங்கே உண்மையில் பாதியைச் சொன்னாலே போதும். ஆறு நாள் நான் ஒன்றும் எழுதவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் பள்ளிவிட்டு வந்த வடிவை உட்கார வைத்தேன். நான் சொல்வதை அவள் இங்கிலீஷில் எழுத வேண்டும். அவள் தோழிகளோடு மலாய் பேசுவாள், பள்ளியில் இங்கிலீஷ்; தமிழ் எங்கள் இரண்டு பேரோடு மட்டும்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க லா, எனக்கு ஹோம்வொர்க் இருக்கு."

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. குளத்திலிருந்து தொடங்கினேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ஏலா என்றால் என்ன என்றாள். கும்பப்பூ என்றால் பூவா என்றாள். பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். நாலு நாள் போகவில்லை என்று சொன்னபோது, உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பகவதி வாசற்படியில் வந்து நின்றாள்.

"தெனமும் போனேன்னுல்லா சொன்னீங்க?"

"சொன்னேன். போகல்ல."

"குமரேசண்ணாச்சி கொண்டு போட்ட கதிரு?"

அவள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்துதான் பாத்திரங்கள் பேசுகின்றன.

வடிவு கேட்டாள்: "ஊர் விஷயத்தையும் எழுதணுமா அப்பா?"

"வேண்டாம் மக்கா. இங்க நடந்தது மட்டும். காய்ச்சல்ல நான் கடைசி வரைக்கும் போகல்ல, வேற ஆளையும் அனுப்பல்ல. வயலு காய்ஞ்சுது. அதனால கைப்பிடியை நானேதான் அவரு கையில குடுத்தேன். அவரு களவாங்கல்ல. அவ்வளவுதான்."

"இதை எழுதினா வீட்டை எடுத்துடுவாங்க. நான் ஸ்கூலுக்குப் போக முடியாது. தெரியும்தானே?"

"தெரியும்."

பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பிறகு எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

கிராணியார் அதை நின்றபடியே வாசித்தார். மடித்தார். மேஜைக்கு மேலே என் பக்கமாக நீட்டினார்.

"இதைத் துரை மேசையில வைச்சால் வீடு போகும். நான் இதைப் பாக்கேல்லை. கொண்டுபோம். பின்னேரம் வேறொண்டு எழுதிக்கொண்டு வாரும்."

நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார். கையை நீட்டாமல் நின்றேன். அவர் கை வலிக்கும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, காகிதத்தைத் துரைக்குப் போகும் தட்டில் போட்டார்.

6

மதகு வேலை போயிற்று. புல் வெட்டும் வேலையாவது திரும்பக் கிடைத்ததே என்று கிராணியார் சொல்கிறார். பாக் மாட்டை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நாளைக்குப் பழைய வரிசை வீட்டுக்குப் போகிறோம். ஜனவரியில் பள்ளி திறந்தால் வடிவு தோழி ஒருத்தி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்கிறாள். பகவதி இன்னும் சரி என்று சொல்லவில்லை. என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பும் மனசும் அசந்து கிடக்கின்றன.

மாதேவா, பத்திரிகைக்காரர் இதைப் போடுவாரோ மாட்டாரோ, புலி இல்லை என்று கோபித்துக்கொள்வாரோ தெரியாது. போடாவிட்டாலும் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். குமரேசண்ணாச்சிக்கு எழுத்துத் தெரியாது. அவர் வீட்டுக்குப் போய், அவரை உட்கார வைத்து, மூன்றாம் பகுதியை நிறுத்தி வாசி. அவர் என்ன ஏசினாலும் அப்படியே எனக்கு எழுது. நாலு நாள் ஏன் போகவில்லை, உடம்புக்கு என்ன என்று அவர் கேட்பார். அவர் அப்படித்தான் கேட்பார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை அண்ணாச்சி. சும்மாதான் போகவில்லை.